மெழுகுக் கலவை செய்வது எப்படி: மர பாலிஷ், உராய்வைக் குறைக்கும் மெழுகு, அச்சில் ஒட்டாமலிருக்க மோல்டு ரிலீஸ்

கலவை கெட்டுப்போனால் எல்லோரும் முதலில் அளவைத்தான் சந்தேகப்படுகிறார்கள். "அண்ணா, தேன்மெழுகு இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று கேட்காத பையன் என் பட்டறைக்கு வந்ததே இல்லை. அளவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எந்த மெழுகு எந்தச் சூட்டில், எதற்குப் பிறகு பாத்திரத்துக்குள் போனது என்பதில்தான் கோளாறு. அதற்கு அடுத்த கோளாறு, பூசிய பொருள் எந்த ஊரில் இருக்கப் போகிறது என்று கேட்காமலே செய்வது.

இரண்டாவதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கோடையில் சேலத்தில் செய்த பாலிஷை டிசம்பரில் ஏற்காட்டுக்கு எடுத்துப் போனேன். பங்களா ஒன்றில் பழைய ஈட்டி மர மேசை. டப்பாவைத் திறந்தால் உள்ளே கல். துணியைத் தேய்த்தால் துணிதான் தேய்ந்தது. அடுத்த வருடம் உஷாராக மேலேயே உட்கார்ந்து இளக்கமாக ஒன்று செய்து கீழே கொண்டுவந்தேன். மே மாதம் அதைப் பூசிய அலமாரியில் வீட்டில் உள்ள எல்லோருடைய விரல் ரேகையும் பதிந்திருந்தது.

1. மூன்று கேள்விகளுக்கு முதலில் பதில் எழுதுங்கள்

எதன்மேல் பூசப் போகிறீர்கள்? அது அதிகபட்சம் எவ்வளவு சூட்டைப் பார்க்கும்? பூசிய பிறகு அதன்மேல் வேறு என்ன வரும்?

மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மெழுகு பூசிய மரத்தின்மேல் மெலமைன் பூச்சு பிடிக்காது. மெழுகு தடவிய அச்சிலிருந்து எடுத்த சிமென்ட் தொட்டியில் பெயின்ட் உரிந்து வரும். பின்னால் பெயின்ட் அடிக்கப் போகும் பொருளென்றால் மெழுகே வேண்டாம், வேறு வழி பாருங்கள். பதில்களை நோட்டில் எழுதிவிட்டு அப்புறம் அடுப்புப் பக்கம் போங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

0.1 கிராம் வரை காட்டும் தராசு. கரண்டியால் அளக்க வேண்டாம். செதிலாக இருக்கும் மெழுகும் கட்டியாக இருக்கும் மெழுகும் ஒரே கரண்டியில் ஒரே எடை நிற்காது.

100 டிகிரிக்கு மேல் காட்டும் தெர்மாமீட்டர். இது இல்லாமல் தொடங்காதீர்கள்.

இரண்டு எவர்சில்வர் பாத்திரங்கள். பெரியதில் தண்ணீர், சின்னதில் மெழுகு. இரும்பு, செம்பு, பித்தளை வேண்டாம். தேன்மெழுகு அவற்றில் உருகினால் நிறம் கறுத்துவிடும்.

அடுப்பு இண்டக்ஷன் அல்லது ஹாட் பிளேட். கேஸ் அடுப்பில் மெழுகைக் காய்ச்சுபவர்கள் உண்டு, நானும் காய்ச்சியிருக்கிறேன். டர்பன்டைன் போன்ற கரைப்பான் சேர்க்கிற வேலையில் அது கூடவே கூடாது.

பாத்திரத்தை முழுதாக மூடும் ஒரு தட்டு, பக்கத்தில் ஒரு வாளி மணல். மெழுகு தீப்பிடித்தால் தட்டை வைத்து மூடுங்கள். தண்ணீர் ஊற்றினால் அது அடியில் போய் ஒரே நொடியில் ஆவியாகி, எரியும் மெழுகை உங்கள்மேல் தூக்கி எறியும். இதைப் படிக்கத் தெரியாத உதவியாளருக்கும் வாயால் சொல்லிவையுங்கள்.

3. எந்த மெழுகு என்ன செய்யும்

தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரிக்குள் உருகும். பிடிமானம் நல்லது, கைக்கு இதமானது. தனியாகப் போட்டால் நம் வெயிலுக்குப் பிசுபிசுக்கும்.

கார்னாபா பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையிலிருந்து வருவது. செதில் செதிலாக விற்பார்கள். 82 முதல் 86 டிகிரி வரை தாங்கும். கடினமும் பளபளப்பும் இதன் வேலை. அதிகமாகிவிட்டால் பாலிஷ் பொடிந்து போகும், தேய்த்துத் தேய்த்துத் தோள் வலிக்கும்.

பாரஃபின் மலிவு, வழவழப்பு. படிகம் பெரிதாக இருப்பதால் சீக்கிரம் உடையும், சேர்த்த எண்ணெயையும் பிடித்துவைக்காமல் வெளியே கக்கும். மைக்ரோ வேக்ஸ் என்று விற்பதும் பெட்ரோலியத்திலிருந்து வருவதுதான், ஆனால் படிகம் மிகப் பொடி. எண்ணெயையும் கரைப்பானையும் உள்ளேயே பிடித்துக்கொள்ளும், வளைந்தும் கொடுக்கும்.

ஸ்டியரிக் ஆசிட் மெழுகுவர்த்திக்காரர்களிடம் கிடைக்கும். கட்டியைக் கெட்டியாக்கும். அதன் வில்லங்கம் 9-ஆம் படியில் வருகிறது.

4. தேன்மெழுகைச் சோதித்துச் சுத்தம் செய்யுங்கள்

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் தேன்பெட்டி வைத்திருப்பவர்களிடம் அடை மெழுகு வாங்கலாம். அழுக்காக இருக்கும், ஆனால் சுத்தமானது. அதாவது கலப்படம் இருக்காது. கடையில் கட்டியாக வாங்கினால் பாரஃபின் கலந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு கண்ணாடி டம்ளரில் மருந்துக்கடை ஸ்பிரிட் ஊற்றி, நிச்சயமாக நல்லது என்று தெரிந்த தேன்மெழுகுத் துண்டு ஒன்றைப் போடுங்கள். அடியில் போய் உட்காரும். தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்குங்கள். துண்டு அடியை விட்டு எழுந்து நடுவில் தொங்குகிற இடத்தில் நிறுத்துங்கள். இப்போது சந்தேகத் துண்டைப் போடுங்கள். விறுவிறுவென்று மேலே வந்து மிதந்தால் பாரஃபின் கலப்பு. பாரஃபின் தேன்மெழுகைவிட இலேசானது, அவ்வளவுதான் சூட்சுமம். துண்டுக்குள் காற்றுக் குமிழி இருந்தால் சோதனை பொய் சொல்லும். உருக்கி ஆறவைத்த துண்டையே போடுங்கள்.

அடையைச் சுத்தம் செய்ய, தண்ணீரோடு சேர்த்து உருக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, பாத்திரத்தைச் சாக்கால் சுற்றி மெதுவாக ஆறவிடுங்கள். மெதுவாக ஆறினால்தான் அழுக்கு அடிக்கு இறங்க நேரம் கிடைக்கும். மறுநாள் மெழுகு வட்டத்தை எடுத்து அடிப்பக்கத்தைக் கத்தியால் சுரண்டிவிடுங்கள்.

போர் தண்ணீரில் இதைச் செய்துவிட்டு, "மெழுகு பஞ்சு மாதிரி வந்திருக்கு" என்று வருபவர்கள் பலர். உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியம், தேன்மெழுகில் இயல்பாகவே இருக்கும் அமிலத்தோடு சேர்ந்து ஒருவகைச் சோப்பாகிவிடும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் ஒரு ஸ்பூன் வினிகர் சேருங்கள்.

5. 100 கிராமில் தொடங்குங்கள்

முதல் கலவை மொத்தம் 100 கிராம்தான். அப்போது கிராம் கணக்கும் சதவீதக் கணக்கும் ஒன்றாகிவிடும். ஒரு தடவைக்கு ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள், 2 அல்லது 3 கிராம் அளவில். இரண்டை ஒரே சமயத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று சொல்ல முடியாது.

டப்பாவின் அடியில் தேதி, அளவுகள், ஊற்றியபோது இருந்த சூடு மூன்றையும் எழுதுங்கள். மூடியில் எழுதாதீர்கள், மூடி மாறிப்போகும்.

6. உருக்கும் வரிசை: கடினமானது முதலில்

கார்னாபா முதலில். அது முழுதாக உருகித் தெளிந்த பிறகு மைக்ரோ வேக்ஸ் அல்லது பாரஃபின். கடைசியில் தேன்மெழுகு.

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் என்ன என்று கேட்கலாம். தேன்மெழுகு முதலில் உருகித் தெளிந்துவிடும். நடுவில் கார்னாபாச் செதில்கள் கண்ணுக்குத் தெரியாமல் நீந்திக்கொண்டிருக்கும். உருகிவிட்டது என்று நினைத்து இறக்கிவிடுவீர்கள். பாலிஷ் ஆறியதும் மணல் கலந்தது போல நறநறவென்று இருக்கும். சூட்டை ஏற்றி அதைச் சரிசெய்யப் போனால், தேன்மெழுகு தேவைக்கு மேல் நேரம் வெந்து மணமும் நிறமும் போகும். 85 டிகிரிக்கு மேல் அது பழுப்பாகத் தொடங்கும்.

மேலே ஏற்காட்டில் செய்பவர்களுக்கு ஒரு சங்கதி. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடு ஏறாது. உள்பாத்திரம் அதைவிடச் சில டிகிரி குறைவாகத்தான் இருக்கும். கார்னாபா உருகும், ஆனால் நேரம் எடுக்கும். பொறுமை இல்லாமல் பாத்திரத்தை நேராக அடுப்பில் வைக்காதீர்கள். உள்பாத்திரம் தண்ணீரில் பாதிக்கு மேல் மூழ்கியிருக்கட்டும், மேலே தளர்வாக ஒரு தட்டு போடுங்கள். அந்தத் தட்டில் சேரும் நீராவி மெழுகுக்குள் சொட்டாமல் அடிக்கடி துடைக்க வேண்டும். சொட்டினால் பாலிஷில் வெள்ளைப் புள்ளி விழும்.

7. அடுப்பை அணைத்த பிறகே டர்பன்டைன்

டர்பன்டைனின் ஆவி தீப்பிடிக்கக்கூடிய சூடு சுமார் 35 டிகிரி. எம்.டி.ஓ. என்று விற்கும் பெட்ரோலியக் கரைப்பானும் அந்தப் பக்கத்தில்தான். சேலத்தில் மே மாத மதியம் பட்டறைக்குள் காற்றே அதைவிடச் சூடாக இருக்கும். நீங்கள் அதை ஊற்றப் போவதோ 75 டிகிரி மெழுகில். ஒரு பொறி போதும்.

ஆகவே அடுப்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பாத்திரத்தை வெந்நீரோடு திறந்த வெளிக்கு எடுத்துப் போங்கள். பக்கத்தில் சாமி விளக்கு, பீடி, வெல்டிங், ஓடும் மோட்டார் எதுவும் இருக்கக் கூடாது.

கரைப்பான் குளிர்ந்திருந்தால், அது பட்ட இடத்தில் கார்னாபா உடனே உறைந்து முடிச்சு முடிச்சாகத் திரளும். டர்பன்டைன் டப்பாவை, மூடியைத் தளர்த்திவிட்டு, வெளியே ஒரு வாளி வெந்நீரில் சற்று நேரம் வையுங்கள். கை பொறுக்கும் சூடு போதும். பிறகு மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே கிளறுங்கள். அப்படியும் முடிச்சு விழுந்தால் பாத்திரத்தை வெந்நீரிலேயே வைத்துக் கரையுங்கள். திரும்ப அடுப்பில் ஏற்றாதீர்கள். தீ விபத்துக்கு வழிசெய்வது இந்த ஒரு அவசரம்தான்.

8. ஆறவிடுவதும் வேலைதான்

கலவை கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும்போதே டப்பாவில் ஊற்றினால் நடுவில் குழி விழும், ஓரம் பிளந்து நிற்கும். மெழுகு உறையும்போது நன்றாகவே சுருங்கும். கிளறிக்கொண்டே இருங்கள். பாத்திர ஓரத்தில் நீராகாரம் போல இலேசான கலங்கல் தட்டும். அந்த நேரத்தில் ஊற்றுங்கள்.

மெதுவாக ஆறினால் படிகம் பெரிதாகும், பாலிஷ் கரகரக்கும். சீக்கிரம் ஆறினால் வெண்ணெய் போல வரும். நம் ஊரில் கோடையில் செய்வதானால் டப்பாக்களைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் வைத்து ஊற்றுங்கள். மலையில் அந்தக் கவலை இல்லை.

9. மூன்று தொடக்கக் கலவைகள்

மர பாலிஷ்: சேலம் வெயிலுக்குக் கார்னாபா 7, தேன்மெழுகு 22, டர்பன்டைன் 71 கிராம். ஏற்காட்டுக் குளிருக்குக் கார்னாபா 3, தேன்மெழுகு 24, டர்பன்டைன் 73. வெளிர் நிற மரமென்றால் மஞ்சள் நிறக் கார்னாபாவாகக் கேட்டு வாங்குங்கள். கறுப்பு ரகம் மரத்தின் துளைகளில் அழுக்குப் போலத் தங்கும். பூசும்போது குறைவாகப் பூசுங்கள். பதினைந்து இருபது நிமிடம் கழித்துத் தேய்த்து மெருகேற்றுங்கள். பிசுபிசுப்பு என்று வரும் புகார்களில் பாதி, கை தாராளமாகப் போனதால் வருவது.

இதில் விளக்கெண்ணெய் சேர்க்கும் ஆசை நம் பக்கத்தில் எல்லோருக்கும் வரும். ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் மாவட்டம், வீட்டுக்கு வீடு விளக்கெண்ணெய் இருக்கும். நானும் ஒருமுறை பாரஃபினும் எம்.டி.ஓ.வும் வைத்து அதைச் சேர்த்துச் செய்தேன். சூட்டில் அழகாகக் கலந்தது. மறுநாள் டப்பாவைச் சாய்த்தால் மெழுகுக்கு அடியிலிருந்து தேன் போல எண்ணெய் ஒழுகியது. மற்ற எண்ணெய்கள் ஒத்துப்போவது போல அது பெட்ரோலியப் பொருள்களோடு ஆறிய நிலையில் ஒத்துப்போகாது. தேன்மெழுகோடு மட்டுமானால் நிற்கும்.

பூரிக்கட்டை, மரக் கரண்டி, குழந்தைகளின் மரப் பொம்மை இவற்றுக்குக் கரைப்பானே கூடாது. தேன்மெழுகு 1 பங்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் 4 பங்கு. இதற்கு உருக்கிக் கலந்தால் போதும்.

உராய்வு மெழுகு: மேசை டிராயர், மர அறுவை மேசை, ஸ்க்ரூ இவற்றுக்குப் பாரஃபின் 60, தேன்மெழுகு 40, கரைப்பான் கிடையாது. காகிதக் கப்பில் ஊற்றிக் கட்டியாக எடுத்து நேராகத் தேய்க்க வேண்டியதுதான். எண்ணெய் சேர்த்தால் மரத்தில் இறங்கிக் கறையாகும், தூசியும் ஒட்டும். ஸ்க்ரூவுக்குச் சோப்பு தேய்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சோப்பு ஈரத்தை இழுத்து ஸ்க்ரூவைத் துருப்பிடிக்க வைக்கும், பிறகு கழற்றும்போது தலை முறியும்.

இதே கட்டி இன்னும் கெட்டியாக இருக்கட்டும் என்று 15 கிராம் ஸ்டியரிக் ஆசிட் போட்டு, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசு வேலை செய்யும் நண்பருக்குக் கொடுத்தேன், கம்பியச்சில் கம்பி இழுக்கும்போது தேய்த்துக்கொள்ள. இழுப்பதற்கு வெண்ணெய் போல இருந்ததாம். நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டார். "வாங்க, வந்து பாருங்க" என்றதோடு சரி, வேறு எதுவும் சொல்லவில்லை. மெழுகு துடைக்காமல் சுற்றி வைத்திருந்த கம்பியில், சுற்றுக்குச் சுற்று இடுக்கில் பாசி பிடித்தது போலப் பச்சை. வெள்ளியில் கலந்திருந்த செம்போடு அந்த அமிலம் சேர்ந்துவிட்டது. செம்பு, பித்தளை, செம்பு கலந்த வெள்ளி எதற்கும் ஸ்டியரிக் ஆசிட் வேண்டாம். தேன்மெழுகு மட்டும் போதும், அதையும் வேலை முடிந்ததும் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் காய்ச்சினால் கரி படியும்.

மோல்டு ரிலீஸ்: ஃபைபர் கிளாஸ் அச்சுக்குக் கார்னாபா 12, மைக்ரோ வேக்ஸ் 12, எம்.டி.ஓ. 76. ரெசின் இறுகும்போது தானாகவே சூடாகும், அதனால் இங்கே கார்னாபாவைக் குறைக்க முடியாது. எண்ணெய் ஒரு சொட்டும் கூடாது, அது மேல் பூச்சான ஜெல் கோட்டைச் சுருங்க வைக்கும். சிலிக்கான் கலந்த கார் பாலிஷைச் சேர்த்தால் பொருள் சுலபமாகக் கழன்று வரும், ஆனால் அதன்மேல் அடிக்கும் பெயின்டில் மீன் கண் போல வட்ட வட்டமாகக் குழி விழும். சிலிக்கான் ஒருமுறை பட்டறைக்குள் வந்துவிட்டால் துணி, கை, மேசை என்று எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். மர பாலிஷ் வேலையும் அதே இடத்தில் நடந்தால் அந்த டப்பாவை வாசலிலேயே நிறுத்துங்கள்.

புது அச்சுக்கு நான்கைந்து கை பூச வேண்டும். ஒவ்வொரு கையும் மங்கலாகக் காய்ந்ததும் மெருகேற்றி, ஒரு மணி நேரம் விட்டு அடுத்தது. நேரம் விடுவது கரைப்பான் முழுதாக ஆவியாவதற்கு. உடனே அடுத்த கையைப் பூசினால், புதிதாக வரும் கரைப்பான் கீழே இருப்பதைக் கரைத்துத் துணியோடு கொண்டுபோய்விடும். ஐந்து கை பூசியும் அச்சில் ஒரு கைதான் இருக்கும்.

10. வெயிலில் வைத்துப் பாருங்கள்

ஒரு ஓட்டுத் துண்டு, ஒரு மரத் துண்டு, ஒரு கண்ணாடி. மூன்றிலும் பூசி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் மதியம் 2 மணிக்கு, தகரக் கூரைக்குக் கீழே வைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். ரேகை விழுந்தால் கார்னாபாவை 2 கிராம் ஏற்றி, தேன்மெழுகை 2 கிராம் இறக்குங்கள். மர பாலிஷின்மேல் ஈர டம்ளரை அரை மணி நேரம் வைத்து எடுங்கள்; வெள்ளை வளையம் துடைத்தும் போகாவிட்டால் பூச்சு முழுதாகப் பரவவில்லை.

ரிலீஸ் மெழுகை நேராக வாடிக்கையாளரின் அச்சில் போடாதீர்கள். கண்ணாடியில் பூசி, உள்ளங்கை அளவு ரெசின் ஊற்றி இறுகவிட்டு எடுத்துப் பாருங்கள். டப்பென்று கழன்று வர வேண்டும். உளி தேவைப்பட்டால் மெருகேற்றியது போதவில்லை.

மலைக்கு அனுப்பும் டப்பாவை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைத்து, காலையில் துணியால் எடுத்துப் பாருங்கள். துணியில் மெழுகு ஒட்ட வேண்டும்.

11. துணியும் பாத்திரமும்

பாத்திரத்தைச் சூடு இருக்கும்போதே செய்தித்தாளால் துடைத்துவிடுங்கள். சிங்கில் ஊற்றினால் குழாய்க்குள் உறைந்து, பிளம்பர் வரும் வரை அங்கேயே இருக்கும்.

டர்பன்டைன் துணிகளைச் சுருட்டிப் போடாமல் கொடியில் விரித்துக் காயவிடுங்கள். ஆளிவிதை எண்ணெயும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அந்தத் துணிகளைத் தனியாகப் பிரித்து, தண்ணீர் நிறைந்த டப்பாவில் அமுக்கி மூடிவையுங்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு பிடிக்கும். சுருட்டிய துணி யாரும் தொடாமலே, பட்டறை பூட்டிய பிறகு, மூலையில் புகையத் தொடங்கும்.